சித்ரா பௌர்ணமிக்கு குமரி: காற்று இல்லை, வெயில் அடிக்கிறது, ஆனால் கடல் எச்சரிக்கை. எதை நம்புவது?

வைகைக்கரையான் | வியாழன் இரவு

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை மதுரையிலிருந்து குடும்பத்தோடு கன்னியாகுமரி கிளம்புகிறோம். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். சித்ரா பௌர்ணமி மாலை சூரியன் மேற்கே விழுவதையும் நிலா கிழக்கே எழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மறுநாள் காலை படகில் விவேகானந்தர் பாறை, அப்புறம் முட்டம், சொத்தவிளை கடற்கரைகள் என்று திட்டம்.

செல்போனில் வானிலை பார்த்தால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர், மழை இல்லை, நல்ல வெயில். ஆனால் செய்தியில் "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கள்ளக்கடல் எச்சரிக்கை, யாரும் கடலில் இறங்க வேண்டாம்" என்று வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே. புயல் ஏதும் இல்லாதபோது கடல் எப்படிக் கொந்தளிக்கும்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

முட்டம்காரன் | வியாழன் இரவு

அண்ணாச்சி, முரண் ஏதுமில்லை, இரண்டும் சரிதான். உங்கள் செல்போன் சொல்வது குமரியில் அடிக்கும் காற்று. எச்சரிக்கை சொல்வது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே சில நாட்களுக்கு முன் அடித்த காற்று. அது எழுப்பிய அலை இப்போதுதான் நம் கரைக்கு வருகிறது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். வானம் தெளிந்து, காற்று அடங்கி, கடல் எண்ணெய் போல் கிடக்கும் நாளிலேயே அது வந்து வீட்டு வாசலை நனைத்துவிட்டுப் போகும். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் இது வழக்கம். ஆனி ஆடியில் காற்றும் சேர்ந்து அடிக்கும். அப்போது கடலைப் பார்த்தாலே யாருக்கும் பயம் வரும், வெளியூர்க்காரர்கள் தாமாகவே விலகி நிற்பார்கள். இப்போது அப்படிப் பயம் வராது என்பதுதான் ஆபத்து.

பயணத்தை நிறுத்த வேண்டாம். எங்கே நிற்கிறீர்கள், எந்த நேரத்தில் நிற்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அலைக்கணக்கு | வியாழன் இரவு

முட்டம்காரன் சொன்னதற்குக் கொஞ்சம் கணக்குச் சேர்க்கிறேன். கடல் அலை பற்றிப் படித்தவள், இந்த எச்சரிக்கைகளைத் தொடர்ந்து கவனிப்பவள் என்ற முறையில்.

தென் அரைக்கோளத்தில் 40 டிகிரி அட்சரேகைக்குக் கீழே மேற்குக் காற்று ஆண்டு முழுவதும் பலமாக வீசும். அதைத் தடுக்க அங்கே நிலம் மிகக் குறைவு. அங்கே பெரிய புயல் உருவானால் அதன் கீழ் எழும் அலைகளில் நீளமானவை வடக்கு நோக்கிப் பயணப்படும். ஒரு அலை முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் இங்கே முக்கியம். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைக்கு இது 5 முதல் 8 விநாடி. கள்ளக்கடல் அலைக்கு 15, 18, சில சமயம் 20 விநாடிக்கும் மேல். 18 விநாடி அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர், அதாவது ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர் நகரும். 40 டிகிரி தெற்கிலிருந்து குமரி முனைக்கு ஏறக்குறைய 5,300 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நாலரை நாள் பயணம். 50 டிகிரியிலிருந்து என்றால் ஐந்து நாளுக்குச் சற்று மேல்.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ் என்று எல்லோரும் சொல்வது) இரண்டு மூன்று நாள் முன்னதாகவே எச்சரிக்கை தர முடிவது இதனால்தான். அலை ஏற்கெனவே கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது. மழை வருமா வராதா என்று கணிப்பதைவிட இது உறுதியான கணிப்பு. இதை "சும்மா சொல்கிறார்கள்" என்று தள்ளுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வைகைக்கரையான் | வியாழன் இரவு

நன்றி மேடம், இப்போது புரிகிறது. ஆனால் இன்னொரு சந்தேகம். எச்சரிக்கையில் அலை உயரம் ஒன்றே கால் மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். என் மார்பு உயரம்தான். அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

அலைக்கணக்கு | வியாழன் இரவு

நல்ல கேள்வி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அந்த ஒன்றே கால் மீட்டர் ஆழ்கடலில் உள்ள உயரம். 8 விநாடி அலையின் நீளம், முகட்டிலிருந்து முகடு வரை, சுமார் 100 மீட்டர். 18 விநாடி அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். அலையின் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அது அடித்தரையை உணரத் தொடங்கும். சின்ன அலை 50 மீட்டர் ஆழத்தில் உணரும், இது 250 மீட்டர் ஆழத்திலேயே உணரும். அங்கிருந்து கரை வரும் வரை வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, கரையை நெருங்கும்போது உயரம் கூடும். உடைந்த பிறகும் அதன் பின்னால் வரும் தண்ணீரின் அளவு மிக அதிகம். ஆழ்கடலில் ஒரே உயரம் இருந்தாலும் 18 விநாடி அலை கரையில் ஏறும் தூரம் 8 விநாடி அலையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதனால் எச்சரிக்கையைப் படிக்கும்போது முதலில் விநாடியைப் பாருங்கள், பிறகு மீட்டரை. செய்தித்தாள்கள் பெரும்பாலும் மீட்டரை மட்டும் போட்டுவிட்டு விநாடியை விட்டுவிடுகின்றன. அது பெரிய குறை.

சங்குத்துறை டீச்சர் | வெள்ளி காலை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மேலே உள்ளதை எல்லாம் படித்தேன். பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2024 மே முதல் வாரம் எங்கள் மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். அதற்கு முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. படித்த பிள்ளைகள். வானத்தைப் பார்த்தால் சாதாரணக் கோடை நாள்.

கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு ஏன் புரிவதில்லை என்றால், இந்த அலை தொடர்ந்து ஒரே மாதிரி அடிக்காது. ஆறேழு பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் பத்து நிமிடம் போல ஒன்றுமே இருக்காது. அந்தப் பத்து நிமிடத்தில் வந்து சேர்கிறவர்கள் கடல் அமைதி என்று நினைத்து இறங்கிவிடுவார்கள், பாறையில் ஏறிப் படம் எடுப்பார்கள். அடுத்த கூட்டம் வரும்போது திரும்ப நேரம் இருக்காது. ஏறிய தண்ணீர் திரும்பும்போது கால் அடியில் மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நல்ல உடல்வாகு உள்ளவர்களே நிற்க முடியாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது: கடற்கரைக்குப் போனதும் ஈரமணலுக்குப் போகாமல், உலர்ந்த இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முட்டம்காரன் | வெள்ளி காலை

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பெரியவர்கள் வள்ளம் தள்ளும் முன் கரையில் உட்கார்ந்து பார்ப்பதும் இதையேதான். அலை உடையும் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் எண்ணுவார்கள். இடைவெளி நீண்டால் அன்றைக்குத் தள்ள மாட்டார்கள். யாரும் எண்ணிப் பார்க்கலாம், செல்போனில் கடிகாரம் இருக்கிறது. 15 விநாடியைத் தாண்டினால் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள், எச்சரிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முட்டம் பாறைகள் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கலங்கரை விளக்கம் பக்கம் மேட்டில் நின்று பார்ப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை, அங்கிருந்துதான் காட்சியும் நன்றாக இருக்கும். கீழே இறங்கிக் கறுப்பாக ஈரம் படிந்த பாறையில் கால் வைக்கவே கூடாது. பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே ஏறியிருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு முறையும் ஏறும்.

தூத்தூர் கடலோடி | வெள்ளி மதியம்

எல்லாம் சரி. ஆனால் இந்த எச்சரிக்கையைப் பற்றி எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் இந்த இழையில் பதிய வேண்டும்.

"நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்றால் மாவட்டத்தின் மொத்தக் கடற்கரை, எழுபது கிலோமீட்டருக்கு மேல். அத்தனை ஊருக்கும் ஒரே வரி எச்சரிக்கை. குளச்சல் வளைவுக்குள் ஓரளவு ஒதுக்கு உண்டு. அழிக்காலும் பிள்ளைத்தோப்பும் தாழ்ந்த இடம், தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரம் வேறு கதை. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், ஒரே சொல். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போடும்போது வள்ளத்துக்காரனுக்கு அத்தனை நாள் கூலியும் போகிறது. அதில் ஒரு நாள் ஒன்றும் நடக்காமல் போனால் அடுத்த முறை யார் கேட்பார்கள்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவே இல்லை. அன்று எட்டாமல் போனதற்கும், இன்று எல்லா நாளும் எச்சரிக்கை வருவதற்கும் நடுவில் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்த ஊர்க் கரையில், எந்த மணியில் என்று சொல்லுங்கள்.

அலைக்கணக்கு | வெள்ளி மதியம்

அண்ணா, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். ஆழ்கடலில் அலையைக் கணிப்பது ஒன்று, கரையில் அது என்ன செய்யும் என்பது வேறு. கரைக்கு அருகில் கடலடித் தரை, கரையின் சாய்வு, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு), தடுப்புச் சுவர் எல்லாம் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கும். ஊருக்கு ஊர் சொல்ல வேண்டுமானால் ஊருக்கு ஊர் கடலடி அளவும் கரை மட்டமும் துல்லியமாக வேண்டும்.

ஆனால் மணி விஷயத்தில் ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். அலையோடு கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கரையில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, ஒரு மீட்டருக்குள். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் வரை போகும். அதனால் நம் ஊரில் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கரை சரிவு குறைவாக இருக்கும் இடத்தில், முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் தண்ணீர் உயர்ந்தாலே நீர்க்கோடு பதினைந்து மீட்டர் உள்ளே வந்துவிடும். அந்த நேரத்தில் கள்ளக்கடல் அலையும் ஏறினால் சுவரைத் தாண்டும். அதே அலை இறக்க நேரத்தில் வந்தால் மணலிலேயே நின்றுவிடும். ஒரு நாள் எச்சரிக்கையில் உண்மையிலேயே மோசமான நேரம் இரண்டு ஏற்றங்களைச் சுற்றிய சில மணி நேரங்கள்தான்.

தூத்தூர் கடலோடி | வெள்ளி மதியம்

கரையில் இருப்பவர்களுக்கு அது சரி. முகத்துவாரத்தில் நேர்மாறாகவும் நடக்கும் தங்கச்சி. தண்ணீர் வற்றும்போதுதான் அங்கே மோசம். ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓடும், அலை உள்ளே வரும், நடுவில் மணல் திட்டு. நீளமான அலை அந்தத் திட்டில் கால் வைத்ததும் செங்குத்தாக எழும்பும். வள்ளம் பக்கவாட்டில் திரும்பினால் முடிந்தது. தேங்காப்பட்டணத்தில் இப்படிக் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்கள் ஆழ்கடலில் இருந்து பத்திரமாக வந்து, வீடு தெரியும் தூரத்தில் போனவர்கள். மணல் திட்டை அகற்றுவதும் முகத்துவார அமைப்பைச் சரிசெய்வதும்தான் அங்கே முதல் வேலை. எச்சரிக்கை அதற்கு மாற்று ஆகாது.

அலைக்கணக்கு | வெள்ளி மதியம்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். முகத்துவாரத்துக்கு வற்றும் நேரம், கடற்கரைக்கு ஏற்ற நேரம். நீங்கள் சொன்ன பிறகு மேலே நான் எழுதியதைக் கடற்கரையில் நிற்பவர்களுக்கானது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாம்பன்வாசி | வெள்ளி மாலை

எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளுக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை வருகிறது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மன்னார் வளைகுடாப் பக்கம், நாங்கள் ஆண்கடல் என்று சொல்வது, தெற்கு பார்த்துத் திறந்து கிடக்கிறது. பாக் விரிகுடாப் பக்கம், பெண்கடல், இலங்கையின் மறைவில் இருப்பதால் தெற்கத்தி நெடும் அலை உள்ளே வராது. அங்கே கடல் உள்வாங்கி படகுகள் தரைதட்டி நிற்கும் படம் அடிக்கடி சுற்றும், உடனே சுனாமி என்று வதந்தி கிளம்பும். ஆழம் குறைந்த கடல் அது. இறக்க நேரத்தில் காற்றும் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளினால் தரை தெரியும், அவ்வளவுதான். மறுபடியும் தண்ணீர் வந்துவிடும்.

வைகைக்கரையான் | வெள்ளி மாலை

இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இப்போது என் குறிப்பான கேள்விகள். பௌர்ணமி அன்று ஏற்ற இறக்கம் அதிகம் என்கிறார்களே, அந்த நாளிலேயே போவது சரியா? படகு ஓடுமா? அம்மாவை எங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கலாம்?

முட்டம்காரன் | வெள்ளி இரவு

படகு பற்றி: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் காலையில் நீர்மட்டம் தாழ்ந்து படகுப் போக்குவரத்து தாமதமாகத் தொடங்குவது அடிக்கடி நடக்கும். படகு தரைதட்டும் என்பதால் நிறுத்தி வைப்பார்கள், தண்ணீர் ஏறியதும் விடுவார்கள். அது ஆபத்தின் அறிகுறி இல்லை, காத்திருந்தால் போதும். அலை சீற்றத்தால் நிறுத்தினால் அது வேறு. அன்றைக்கு விட்டுவிடுங்கள், அங்கே நின்று கேட்டுப் பயனில்லை. இப்போது விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் இருக்கிறது, 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. அதனால் பாறைவரை படகு போனால் இரண்டையும் பார்த்துவிடலாம். சிலைப் பக்கம் படகு அணைவது முன்பெல்லாம் சின்ன அலைக்கே நின்றுவிடும்.

அம்மாவுக்கு: மேட்டில், படிக்கட்டுக்கு மேலே, கைப்பிடிச் சுவருக்கு உள்ளே. கூட்டம் மணலுக்கு இறங்கும், நீங்கள் இறங்க வேண்டாம். சீக்கிரம் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும், அன்றைக்கு ஊர் நிறைந்துவிடும்.

அலைக்கணக்கு | வெள்ளி இரவு

நாள் பற்றி என் யோசனை. நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும், ஏற்றமும் அப்படியே தள்ளிப்போகும். நாழிகைக் கணக்கில் நாளுக்கு இரண்டு நாழிகை என்று வைத்தால் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆக, பௌர்ணமிக்கு முந்தைய மாலையே சூரியன் விழும்போது நிலா கிழக்கே கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், இரண்டும் ஒன்றாகத் தெரியும். கடலிலிருந்து எழும் கணத்தைப் பார்க்க வேண்டுமென்றால்தான் பௌர்ணமி நாள். பெரிய ஏற்றமோ பௌர்ணமி அன்றே உச்சத்துக்குப் போகாது, பொதுவாக ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஆகவே நீங்கள் முந்தைய நாளோ பௌர்ணமி அன்றோ பார்த்துவிட்டு, சொத்தவிளையில் விளையாடும் திட்டத்தை மறுநாளிலிருந்து எடுத்துவிடுங்கள். எச்சரிக்கை, பெரிய ஏற்றம், விடுமுறைக் கூட்டம் மூன்றும் அந்த நாளில்தான் சேர்கின்றன.

சங்குத்துறை டீச்சர் | வெள்ளி இரவு

பிள்ளைகள் ஏமாற வேண்டாம். மறுநாள் காலை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். கோட்டை மதில்மேல் நின்றே கடலைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்கும் பேச்சே வராது. அப்படியே சின்னமுட்டம் துறைமுகத்தையும் பார்க்கலாம். அங்கே இப்போது விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு, அவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் ஓய்ந்தும் இன்னொன்று வேலையாகவும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வைகைக்கரையான் | சனி அதிகாலை

முடிவு செய்துவிட்டோம். இன்று மாலையும் நாளை பௌர்ணமி மாலையும் மேட்டில் இருந்து பார்க்கிறோம். நாளை காலை படகு விட்டால் பாறை, விடாவிட்டால் வட்டக்கோட்டை. சொத்தவிளை இந்த முறை இல்லை. முட்டத்தில் மேட்டோடு நின்றுவிடுவோம்.

அலைக்கணக்கு | சனி காலை

நல்லது. இன்காய்ஸ் எச்சரிக்கை அவ்வப்போது புதுப்பிக்கப்படும், முடியும் நேரம் நீட்டிக்கப்படுவதும் உண்டு. அதனால் நேற்றைய செய்தியை வைத்துக்கொண்டு இன்று முடிவெடுக்காதீர்கள். கிளம்பும் முன் ஒரு முறை, கடற்கரைக்குப் போகும் முன் ஒரு முறை பாருங்கள். எச்சரிக்கை முடிந்ததாகப் போட்ட பிறகும் அரை நாள் விட்டே தண்ணீர்ப் பக்கம் போகலாம்.

தூத்தூர் கடலோடி | சனி காலை

மதுரைக்காரரே, வாருங்கள். கடற்கரையில் உள்ளூர்க்காரர் யாராவது "இறங்காதீங்க" என்று சொன்னால் தயவுசெய்து வாக்குவாதம் செய்யாதீர்கள். அலையில் போனவரைத் தேடி இறங்குவது எங்கள் பிள்ளைகள்தான்.

டீச்சர், தங்கச்சி, முகத்துவாரம் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குகிறேன். அங்கே வந்து எழுதுங்கள், கணக்கோடு.

அலைக்கணக்கு | சனி காலை

கட்டாயம் அண்ணா. திட்டின் ஆழம், கவிழ்ந்த நேரங்களில் ஏற்றமா வற்றமா என்ற விவரம், இரண்டும் ஊரில் யாரிடமாவது எழுதி வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதை அன்றைய அலையின் விநாடியோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டுத் தருகிறேன்.